நீளமாக அடித்த மணி

போன மாதம் கல்கத்தாவில் நியூ டவுனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு பெஹாலாவில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தம்பிதான் தன் போனில் வண்டி வரவழைத்து என்னை ஏற்றிவிட்டான். ஓட்டுநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு சிக்னலைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, "ம், சொல்லு" என்றார். அதற்குள் வெள்ளைச் சட்டை போலீஸ் சார்ஜென்ட் கையை நீட்டிவிட்டார்.

வண்டி ஓரமாக நின்றது. சார்ஜென்ட் கையிலிருந்த சின்ன இயந்திரத்தில் வண்டி எண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"பின்னால ஒரு மாஷிமாவை உட்கார வச்சுக்கிட்டு போன் பேசறே. யாரு கூப்பிட்டது?" மாஷிமா என்றது என்னைத்தான்; இங்கே வயதான பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர் பெரியம்மா மாதிரி.

"வீட்டிலிருந்து சார்."

"எல்லாருக்கும் வீட்டிலிருந்துதான் வருது. எனக்குத்தான் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்க."

ஓட்டுநரின் போனில் அபராதச் செய்தி வந்து விழுந்தது. "கேஸ் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.  'வீட்டிலிருந்து' என்ற அந்தப் பதிலை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கூப்பிட்டது நான்தான்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். டெலிபோன் எடுத்து வைத்தவளுக்கு என்ன அனுபவம் என்று தட்டிக் கழித்துவந்தேன். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தபோது இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அப்பா மாற்றலாகிக் கல்கத்தா வந்தவர். ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பெரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது பணியிலேயே இறந்துபோனார். அவர் வாரிசு என்ற முறையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு கிறிஸ்தவ அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து பழகினேன். பிறகு வண்டிப் பிரிவின் கண்ட்ரோல் ரூமில் கொண்டு உட்கார வைத்தார்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட அதே நாற்காலி. அலுவலகம் சொந்த வண்டிகளை விட்டுவிட்டு வாடகை வண்டிக்கு மாறியபோது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கண்ட்ரோல் ரூம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு டெலிபோன், ஒரு மரப்பலகை. பலகையில் வண்டிச் சாவிகள் தொங்கும். வண்டி வெளியே போனால் அதன் எண் எழுதிய தகரத் துண்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாட்டுவேன். எனக்கு இடது கைப் பக்கம் ஒரு ஜன்னல். அதற்கு வெளியே டிரைவர்கள் உட்காரும் பெஞ்சு. வலது கைப் பக்கம் பாதி கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் வண்டிப் பிரிவு அதிகாரியின் அறை.

ஏழு வெள்ளை அம்பாசடர். ஏழு டிரைவர்கள். செல்போன் வராத காலத்தில் வெளியே போன வண்டியைப் பிடிக்க எனக்கு ஒரே வழி கடைகள்தான். எந்தப் பகுதியில் எந்தக் கடையில் போன் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கரியாஹாட்டில் ஒரு மருந்துக்கடை. ஷ்யாம்பஜாரில் ஒரு மிட்டாய்க்கடை. ஜாதவ்பூரில் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே புத்தகம் பைண்டு செய்பவர். "காக்கு, வெளியே ஒரு வெள்ளை அம்பாசடர் நிக்குதா பாருங்க" என்பேன். காக்கு என்றால் சித்தப்பா. மருந்துக்கடைக்காரர் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நிக்குது மா, ஆனா அதில இருக்கிறவன் தூங்கறான், எழுப்பட்டுமா?" என்பார். பத்து வருடத்துக்கு மேல் அவர் குரலைக் கேட்டேன். முகத்தைப் பார்த்ததே இல்லை.

எனக்கு அது வசதியாகவும் இருந்தது. சிறு வயதிலிருந்தே எனக்கு ஆட்கள் எதிரில் பேச்சு வராது. நாலு பேர் நிற்கும் அறைக்குள் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டெலிபோனைக் காதில் வைத்துவிட்டால் மட்டும் அந்தக் கூச்சம் போய்விடும். பெரிய அதிகாரியிடம்கூட, "சார், வண்டி இல்லை, அரை மணி ஆகும்" என்று சொல்லிவிடுவேன். டிரைவர் நிர்மல்தா இதை வைத்து என்னைக் கேலி செய்வார். ஜன்னலில் முகத்தை வைத்து, "தீதி, போன்ல பேசறது உன் அக்காவா? அவங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாயேன்" என்பார்.

நிர்மல்தா, அதாவது நிர்மல் அண்ணன், ஏழு பேரில் மூத்தவர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவராக இருந்தும் என்னை தீதி, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார். இருபத்திரண்டு வருடம் ஓட்டி ஒரு போலீஸ் கேஸ்கூட வாங்காதவர். லைசென்ஸை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சட்டைப்பையில் வைத்திருப்பார். புது டிரைவர் யாராவது வந்தால் அதை எடுத்துக் காட்டி, "பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா? ஒரு கறை கிடையாது" என்பார்.

எங்கள் அதிகாரி மித்ரா சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்த மாட்டார். காலையில் வந்ததும் இரண்டு பென்சில் சீவி மேஜையில் வலது பக்கம் வைப்பார். எந்தச் செய்தியையும் ஒரு தடவை கேட்டு நம்ப மாட்டார். நான் இன்டர்காமில் சொல்வதை அப்படியே எழுதுவார். எழுதி முடித்ததும் உரக்கத் திருப்பிப் படிப்பார். "'மூன்றாம் நம்பர் வண்டி, டயர் பஞ்சர், ஷ்யாம்பஜாரில் நிற்கிறது.' சரியா?" நான் "சரி சார்" என்று சொன்ன பிறகுதான் போனை வைப்பார். சொல்லாவிட்டால் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். யாரிடமாவது வாக்குமூலம் வாங்கினாலும் இதே முறைதான். ஒவ்வொரு வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு வாக்கியமாக அறைக்கே கேட்கும்படி படித்து, கடைசியில் கையெழுத்து வாங்குவார். டிரைவர்கள் டீக்கடையில் இதைச் செய்து காட்டுவார்கள். "'ஒரு டீ, சர்க்கரை கம்மி, ஒரு பிஸ்கட்.' சரியா?" டீக்கடைக்காரரும் "சரி சார்" என்பார்.

என் மேஜையில் கால் ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன விஷயம். எடுத்துப் பேசிய கால் என்றால் நீல மை. எடுக்காத கால் என்றால் சிவப்பு மை. ஒவ்வொரு நாள் மாலையும் மித்ரா சார் பக்கத்தின் அடியில் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார்.

பிறகு செல்போன் வந்தது. அலுவலகமே ஏழு டிரைவர்களுக்கும் ஒவ்வொன்று கொடுத்தது. கடை நோட்டு இழுப்பறைக்குள் போனது. டிரைவர்களின் வீட்டுக்கு அந்த எண்களைக் கொடுக்கக் கூடாது என்று விதி. வீட்டிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மேஜைக்குத்தான் கூப்பிடுவார்கள். அப்படித்தான் எல்லா வீட்டு மனைவிமாரும் எனக்குப் பழக்கமானார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் மகள் பரீட்சை எழுதுகிறாள், எல்லாம் தெரியும்.

ஒன்றிரண்டு வருடத்தில் போலீஸ் கெடுபிடி தொடங்கியது. ஓட்டிக்கொண்டே பேசினால் கேஸ். வேறு பிரிவு டிரைவர் ஒருவர் மாட்டினார். உடனே எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. ஓடும் வண்டிக்குக் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் செய்யக் கூடாது. டிரைவர் பணி நேரத்தில் சொந்தப் பேச்சு பேசி கேஸ் வாங்கினால், நிரந்தரமாக வண்டியிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பப்படுவார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். ஆனால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று போன் செய்யாமல் எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சுற்றறிக்கை சொல்லவில்லை.

நிர்மல்தா டீ கிளாஸோடு ஜன்னலுக்கு வந்தார்.

"தீதி, ஒண்ணு பண்ணு. ஒரு மணி அடிச்சதும் வச்சிடு. நான் எடுக்க மாட்டேன். இடம் பார்த்து ஓரமா நிறுத்திட்டு நானே கூப்பிடறேன். ரெண்டு தடவை அடிச்சு வச்சா, போற வேலை ரத்து, திரும்பி வான்னு அர்த்தம்."

"வைக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். டீயைக் கீழே வைத்தார்.

"அது வீட்டு விஷயம். யார் வீட்டிலயாவது ஏதாவது ஆச்சுன்னா மட்டும் அப்படி அடி. எங்க இருந்தாலும் எடுத்துடுவோம். வேற எதுக்கும் அடிக்காதே."

மற்ற ஆறு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது. நான் ஒரு மணி அடித்து வைத்த இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். நிர்மல்தா எப்போதும் ஒரே மாதிரி தொடங்குவார். "ஓரமா நிறுத்திட்டேன், சொல்லு தீதி." அதைக் கேட்டால்தான் நான் விஷயத்தைச் சொல்வேன். நான்கு வருடத்தில் நீளமாக அடித்தது ஒரே ஒரு தடவை. டிரைவர் ஒருவரின் அப்பா இறந்தபோது. அதற்குப் பிறகு அந்த நீள மணி என்றால் எல்லோருக்கும் பயம்.

அந்த நாளுக்கு வருகிறேன். அன்று காலையில் நிர்மல்தாவின் மகள் ஜும்பாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் பிரசவம், வலி வந்து வந்து நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு இரண்டு டிரைவர்கள் விடுப்பு. அதனால் நிர்மல்தா வேலைக்கு வந்தார். சாவியை வாங்கும்போது, "செய்தி வந்தா அடி தீதி" என்று மட்டும் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து வரும் ஒருவரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டும். தகரத் துண்டை வலப்பக்கம் மாட்டினேன்.

விமானம் முன்கூட்டியே வந்துவிட்டது. வந்தவர் வெளியே நின்றுகொண்டு மித்ரா சாருக்குப் போன் செய்திருக்கிறார். இன்டர்காமில் பேசாமல் மித்ரா சார் நேராக என் அறைக்கே வந்தார். அது வழக்கமே இல்லை. வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"நிர்மல் எங்கே இருக்கார், கேளுங்க."

நான் ஒரு மணி அடித்து வைத்தேன்.

"ஏன் வச்சுட்டீங்க?"

"அவர் நிறுத்திட்டுக் கூப்பிடுவார் சார்." இதைச் சொல்லவே எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு நிமிடம் போயிருக்கும். மித்ரா சாருடைய செல்போன் மறுபடி அடித்தது, விமான நிலையத்தில் நின்றவர்தான். அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

"திரும்பப் போடுங்க. வைக்காதீங்க. எடுக்கிற வரைக்கும் அடிக்கட்டும்."

அது வேறு அர்த்தம் சார், அப்படி அடிக்கக் கூடாது சார் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு நீளமில்லை, ஒரு வாக்கியம்தான். அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவருடைய கைக்கடிகாரம் என் காதருகே ஓடுவது கேட்டது. நான் எண்களை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கவில்லை.

எடுத்தார். "தீதி, ஜும்பாவுக்கு என்ன ஆச்சு?"

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மித்ரா சார் கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார். "நிர்மல், எங்கே இருக்கீங்க?" என்றார். ரிசீவரிலிருந்து விசில் சத்தம் எனக்கே கேட்டது. உல்டாடாங்கா சந்திப்பு. சார்ஜென்ட் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார். விமான நிலையத்தில் நின்றவர் டாக்ஸி பிடித்து அவர் பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மித்ரா சார் தன் அறைக்குப் போன பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தேன். எடுத்துப் பேசிய கால். நீல மையில் எழுதினேன். மாலையில் அவர் வழக்கம்போலப் பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டார். அந்த வரியின் மேல் அவர் கண் நின்றதைப் பார்த்தேன். பிறகு ரிஜிஸ்டரை மூடிக் கொடுத்தார்.

சாவியைக் கொடுக்க நிர்மல்தா ஜன்னலுக்கு வந்தார்.

"ஜும்பா?"

"இன்னும் செய்தி வரலை நிர்மல்தா. நான்... மித்ரா சார்..."

"தெரியும். அவர் குரல்தான் கேட்டேனே." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். தட்டையாக இருந்தது. "கல்யாணப் பொண்ணை போலீஸ்காரன் கூட்டிட்டுப் போயிட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு விசாரணை. வீட்டிலிருந்து போன் வந்ததுன்னு சார்ஜென்ட்கிட்ட சொல்லிட்டேன், சீட்டிலயும் அப்படித்தான் எழுதியிருக்கான். நாளைக்கும் அதையேதான் சொல்வேன். நீ வாயைத் திறக்காதே."

"அப்ப உங்களை வண்டியை விட்டு எடுத்துடுவாங்களே."

"ஸ்டோர்ல உட்கார்ந்து டயர் எண்ணுவேன். நிழல்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் நீட்டிப்பு ஆர்டர் இந்த மாசம்தானே? கையெழுத்துப் போடறது யாரு, யோசி."

அதுதான் விஷயம். என் இடம் அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வரும், அதில் மித்ரா சார் பரிந்துரை எழுத வேண்டும். அம்மாவும் படித்துக்கொண்டிருந்த தம்பியும் வீட்டில். ஓடும் வண்டிக்குப் போன் செய்யக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், நிர்மல்தா சொன்னபடி சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு காட்சி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் விசாரணை மித்ரா சார் அறையிலேயே நடந்தது. விதிப்படி பிரிவு அதிகாரிதான் தலைவர். இரண்டாவது உறுப்பினராகப் பணியாளர் பிரிவிலிருந்து தாஸ் மேடம் வந்திருந்தார். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு என்னை வரச் சொன்னார்கள். நிர்மல்தா சுவரோரம் நின்றிருந்தார். மேஜையில் பென்சில்கள் இருந்தன. அன்றைக்குச் சீவப்படவில்லை, முனை மழுங்கி இருந்தது. அதை நான் கவனித்தேன்.

நிர்மல்தா சொல்லி முடித்திருந்தார். மித்ரா சார் திருப்பிப் படித்தார். "'போன் வீட்டிலிருந்து வந்தது. நான் எடுத்தது தவறு.' சரியா?"

"சரி சார்."

தாஸ் மேடம் என் பக்கம் திரும்பினார். "அந்த நேரத்துல கண்ட்ரோல் ரூமிலிருந்து அந்த வண்டிக்குக் கால் ஏதாவது போச்சா?"

 நிர்மல்தா தரையைப் பார்த்தார். மித்ரா சார் தாளைப் பார்த்தார். என் கையிலிருந்த ரிஜிஸ்டர் ஆடியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பாவம், இந்தப் பொண்ணு நடுங்கறா" என்றார் தாஸ் மேடம். "ரிஜிஸ்டரை வச்சுட்டுப் போம்மா. அப்புறம் பார்த்துக்கலாம்."

வைத்துவிட்டு வந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரிஜிஸ்டர் மூடியபடியே மேஜையின் ஓரத்தில் கிடந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. மித்ரா சார் தீர்ப்பு எழுதும் தாளை எடுத்தார்.

நான் இன்டர்காமை எடுத்து அவருடைய எண்ணைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் அடிப்பதைப் பார்த்தேன். அவர் எடுத்தார்.

"மித்ரா."

"கண்ட்ரோல் ரூம் சார். நான் ஒரு வாக்குமூலம் கொடுக்கணும்."

"இங்கே வந்து கொடுங்க."

"அங்கே வந்தா எனக்குப் பேச்சு வராது சார். இங்கேயிருந்தே சொல்றேன்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு புதுத் தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டார். "சொல்லுங்க. எழுதறேன்."

"நேற்று மதியம் அந்த வண்டிக்குப் போன் செய்தது வீட்டார் இல்லை. நான்."

அவர் எழுதினார். உரக்கப் படித்தார். அவருடைய குரல் ஒரே நேரத்தில் போனிலும் தடுப்புக்கு அப்பாலிருந்தும் கேட்டது. "'போன் செய்தது வீட்டார் இல்லை. நான்.' சரியா?"

"சரி சார்."

"அடுத்து."

"எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மணி அடித்து வைத்தால் டிரைவர் எடுக்க மாட்டார், நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார். வைக்காமல் அடித்தால் வீட்டில் ஆபத்து என்று அர்த்தம்."

படித்தார். சரியா என்றார். சரி என்றேன்.

"அவருடைய மகள் நேற்று பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் வைக்காமல் அடித்தேன். அதனால் எடுத்தார்."

இந்த இடத்தில் அவர் பென்சில் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் நிர்மல்தாவை நிமிர்ந்து பார்த்தார். மகள் விஷயம் மித்ரா சாருக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு எழுதினார், படித்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சரியா என்றார்.

"சரி சார். இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

"சொல்லுங்க."

"வைக்காமல் அடிக்கும்படி என்னிடம் சொன்னது, என் பின்னால் நின்றிருந்த வண்டிப் பிரிவு அதிகாரி."

அவர் எழுதினார். தாஸ் மேடத்துக்கு என் குரல் கேட்காது. மித்ரா சார் படிக்காமல் விட்டிருக்கலாம், வேறு மாதிரி படித்திருக்கலாம். நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். எப்போதும் படிக்கும் அதே வேகத்தில், அதே உரத்த குரலில் படித்தார்.

"'வைக்காமல் அடிக்கும்படி என்னிடம் சொன்னது, என் பின்னால் நின்றிருந்த வண்டிப் பிரிவு அதிகாரி.' சரியா?"

"சரி சார்."

அவர் போனை வைத்தார். எழுந்து, அந்தத் தாளையும் ரிஜிஸ்டரையும் தாஸ் மேடம் முன்னால் தள்ளி வைத்தார். தலைவர் நாற்காலியை விட்டு நகர்ந்து நிர்மல்தாவின் பக்கத்தில் சுவரோரம் போய் நின்றார்.

நான் சொல்லியிருக்காவிட்டால் அவரே சொல்லியிருப்பாரா? அன்றைக்குச் சீவாமல் கிடந்த அந்தப் பென்சில்களை நினைத்தால் சொல்லியிருப்பார் என்று தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது.

தாஸ் மேடம் நிர்மல்தாவுக்கு எச்சரிக்கை கொடுத்து வண்டியிலேயே இருக்க விட்டார். எனக்கு ஒரு மெமோ. மித்ரா சாருக்கும் ஒரு மெமோ. அதனால் அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது என்று பேசிக்கொண்டார்கள். லைசென்ஸைத் திரும்ப வாங்கப் போனபோது மித்ரா சார் நிர்மல்தாவோடு போய் வரிசையில் நின்றாராம். நிர்மல்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கவுன்டர்ல இருந்தவன் சொன்னதையெல்லாம் திருப்பிப் படிச்சார் தீதி. பின்னாடி நின்னவங்க அடிக்க வந்துட்டாங்க."

என் நீட்டிப்பு ஆணை அந்த மாதம் வழக்கம்போல வந்தது. பரிந்துரை அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

நிர்மல்தா என்மேல் அரை நாள் கோபமாக இருந்தார். "நான் பொய்யா சொன்னேன்? அந்த மணி அடிச்சப்போ எனக்கு அது வீடுதானே" என்றார். 

அந்தக் கோபம் விசாரணை நடந்த அன்று மதியம்வரைதான். லைசென்ஸ் இன்னும் கைக்கு வராததால் அவர் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் மேஜைப் போன் அடித்தது. அவர் மனைவி. பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம். எழுந்து ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னால் போதும், பத்தடி தூரம். காலையில் நடந்ததற்குப் பிறகு எனக்கு அந்தத் தெம்பு மிச்சமில்லை. அவருடைய செல்போனுக்கே போட்டேன். வைக்காமல் அடித்தேன்.

அவர் திடுக்கிட்டு எடுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது.

"ஓரமாத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார். "சொல்லு தீதி."

அடுத்த வாரம் மித்ரா சார் ஒரு புதுச் சுற்றறிக்கை போட்டார். எங்கள் ஏற்பாட்டை மூன்று பிரிவாக அலுவலக நடையில் எழுதியிருந்தார். மூன்றாவது பிரிவு எனக்கு இன்னும் மனப்பாடம். நிறுத்தாமல் அடிக்கும் மணி, ஓட்டுநரின் குடும்ப அவசரத்துக்கு மட்டுமே உரியது. எந்த நிலை அதிகாரியும் வேறு காரணத்துக்காக அதைப் பயன்படுத்தக் கூடாது. அதைக் கையெழுத்துக்காக என்னிடம் அனுப்பவில்லை. இன்டர்காமில் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சுக்குக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்று சில வருடத்தில் இறந்துபோனார்.

இப்போது அந்த வண்டிக்குத் திரும்பி வருகிறேன். கேஸ் வாங்கிய ஓட்டுநர் முகத்தைத் தொங்கப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். நேரில் ஒருவரிடம் நானாகப் பேச்சுக் கொடுப்பது அபூர்வம். தொண்டையைச் சரி செய்துகொண்டு கேட்டேன்.

"வீட்டில என்ன விஷயம்?"

"தெரியலை மாஷிமா. அதுக்குள்ள கட் பண்ணிட்டேன்."

"ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிட்டுக் கேளுங்க. எனக்கு அவசரமில்லை."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்திப் பேசினார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சிலிண்டர் வந்திருக்காம் மாஷிமா. ஆள் வாசல்ல நின்னுக்கிட்டு என் போனுக்கு வந்த நம்பரைக் கேட்கறானாம்." நாலு எண்ணைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு பெஹாலா வரும்வரை ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நிர்மல்தாவுக்கு ஒரு மணி அடித்து வைத்தேன். அவர் ஜாதவ்பூரில் மகளோடு இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, ஸ்டியரிங் தொட்டுப் பல வருடம் ஆகிறது. அன்றைக்குப் பிறந்த பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஓரமா நிறுத்திட்டேன், சொல்லு தீதி."

சொன்னேன். சிக்னல், சார்ஜென்ட், கேஸ் எல்லாம். 

"யார் கூப்பிட்டதாம்?"

"வீட்டிலிருந்து."

டிவியின் சத்தம் குறைந்தது. "வீட்டில எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

"சிலிண்டர் வந்திருக்காம் நிர்மல்தா."

 அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மித்ரா சாரின் குரலில், அதே நிதானத்தில் திருப்பிப் படித்தார்.

"'வீட்டில் எல்லோரும் நலம். சிலிண்டர் வந்தது.' சரியா?"

"சரி சார்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் போனை வைத்தார்.